ஒற்றைக் கிரிஸ்டல்காரருக்கு இடம் காத்த ஞாயிறு

இதை எழுத உட்காருவதும், பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போவதுமாகப் பல வருஷம் போய்விட்டது. எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. சாத்தான்குளம் பக்கம் பத்தாவது படித்தேன், பிறகு ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படித்தேன், அதோடு சரி. சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டால்கூட இரண்டு வார்த்தை சொல்லி ஸ்தோத்திரம் என்று உட்கார்ந்துவிடுகிற ஆள் நான். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், இந்தச் சம்பவத்தில் ஒரு விதி மீறப்பட்டது. சின்ன விதிதான். ஆனாலும் அதில் சம்பந்தப்பட்ட பெரியவர்கள் இருக்கிற காலத்தில் எழுதி, அவர்கள் பெயருக்கு ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்று பயந்தேன். இப்போது அவர்கள் யாரும் இல்லை. வீட்டாரிடம் கேட்டு, சம்மதம் வாங்கித்தான் எழுதுகிறேன்.

போன மாதம் எங்கள் ரேடியோ கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு இளைஞர்களுக்குள் பெரிய சண்டை. கண்டெஸ்ட் என்கிற ரேடியோப் போட்டி அன்று ஒருவர் பேசிக்கொண்டிருந்த அலைவரிசை இடத்தில் இன்னொருவர் வந்து உட்கார்ந்துவிட்டாராம். "நான்தான் முதலில் வந்தேன்" என்று ஒருவர், "நீ வந்ததே எனக்குக் கேட்கவில்லை" என்று மற்றவர். நடுவில் ஒரு பையன், "ஞானராஜ் அங்கிள், உங்க காலத்துல இதுக்கு என்ன செய்வீங்க?" என்று என்னை இழுத்துவிட்டான். போனில் தட்டிப் பார்த்தேன். அதில் அடங்குகிற காரியம் இல்லை இது.

முதலில் என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடி துறைமுகத்தில் வயர்லெஸ் ஒர்க்ஷாப்பில் உதவியாளாகச் சேர்ந்து, டெக்னீஷியனாக ஓய்வு பெற்றேன். முத்தையாபுரத்திலிருந்து காலையில் பஸ். கப்பலை இழுக்கிற டக் படகுகளிலும், பைலட்டுகளை வரும் கப்பலுக்கு ஏற்றிச் செல்கிற லாஞ்சுகளிலும், சிக்னல் ஸ்டேஷனிலும் இருக்கிற ரேடியோ செட்டுகளைப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. செட்டு அவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போகாது. கெடுப்பது உப்புக் காற்றுதான். ஏரியலில் இருந்து வருகிற கேபிள் முனைகளில் பச்சையாகப் பூத்துவிடும். கம்பத்தில் ஏறி, திருகிக் கழற்றி, சுரண்டி, துடைத்து, கிரீஸ் தடவி, டேப் சுற்றி இறங்குவோம். இறங்கி முடிக்கிறபோது அடுத்த கம்பத்தில் பூத்திருக்கும்.

எங்களுக்கு போர்மேன் மீரான் சார். காயல்பட்டினத்துக்காரர். அவர் சொந்தக்காரர்கள் பாதிப்பேர் வளைகுடாவில் இருந்தார்கள். "நீங்க ஏன் சார் போகல?" என்று கேட்டால், "எல்லாரும் அங்கன போயிட்டா இங்கிருந்து யார் பதில் சொல்றது?" என்பார். ஒரு நாளும் சத்தம் போட்டுப் பேசியது கிடையாது. வேலையில் தப்பு கண்டால் நம் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுச் சும்மா நிற்பார். நாமே திரும்பிப் பார்த்து, நாமே தப்பைக் கண்டுபிடிக்கிற வரைக்கும் நிற்பார். திட்டு வாங்கியிருந்தால் தேவலாம் என்று தோன்றும்.

கப்பல்கள் துறைமுகத்தைக் கூப்பிடுவது பதினாறாம் சேனலில். அது எல்லாருக்கும் பொது. கூப்பிட்டு, பதில் கிடைத்ததும் வேறு சேனலுக்குப் போய்விட வேண்டும். அங்கேயே நின்று கதை பேசினால் அடுத்த கப்பல் கூப்பிட முடியாது. ஒருமுறை வெளியே நங்கூரம் போட்டிருந்த இரண்டு கப்பல்காரர்கள் பதினாறிலேயே சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். சிக்னல் ஸ்டேஷனில் இருந்த பையன் மைக்கை எடுத்துக் கத்தப் போனான். செட்டு பார்க்க வந்திருந்த சார் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "மூணாவது ஆளா நீயும் கத்தினா நாலாவது ஆளு எங்கன போவான்? மூச்சு விடுவானுங்கல்லா, அப்போ சொல்லு" என்றார். அவர்கள் மூச்சு விட்டபோது பையன் ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். அடங்கிவிட்டார்கள்.

அந்த மீரான் சார்தான் எங்கள் ஹாம் ரேடியோ கிளப்பையும் நடத்தினார். ஹாம் ரேடியோ என்றால், பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, வீட்டிலிருந்தே உலகத்தோடு பேசுகிற பொழுதுபோக்கு. ஊழியர் மன்றத்தின் பின்னால் பழைய சைக்கிள் ஸ்டாண்டைத் தடுத்து ஓர் அறை கொடுத்திருந்தார்கள். ஏரியல் கம்பியின் ஒரு முனை தண்ணீர்த் தொட்டியில், மறுமுனை ஒரு தென்னையில். புள்ளியும் கோடுமாகச் சாவியில் தட்டிப் பேசுகிற மோர்ஸை நான் அங்கே கற்றுக்கொண்ட கதையை நீட்டப் போவதில்லை. கர்த்தர் கிருபையால் இரண்டாவது தடவையில் தேறினேன். படிக்கும்போது தூக்கத்திலும் விரலால் கட்டிலைத் தட்டுகிறேன் என்று என் வீட்டுக்காரி ரோஸ்லின் என் மாமனார் வரைக்கும் புகார் கொண்டுபோனாள்.

கிளப்பில் ஒரு விஷயத்தில் மட்டும் சார் கல்லு மாதிரி. லைசென்ஸ் இல்லாதவர் விரல் மோர்ஸ் சாவியில் படக் கூடாது. ஒருமுறை ஒரு பெரிய அதிகாரி அறையைப் பார்க்க வந்து, ஆசையாக, "நானும் ரெண்டு தட்டு தட்டிப் பாக்கட்டுமா?" என்று உட்கார்ந்தார். சார் சிரித்துக்கொண்டே சாவியின் வயரைப் பிடுங்கிவிட்டு, "இப்போ தட்டுங்க சார்" என்றார்.

இனி கண்டெஸ்ட். வருஷத்தில் சில சனி ஞாயிறுகளில் நடக்கும். முடிந்தவரை அதிக நாட்டுக்காரர்களோடு தொடர்பு கொண்டு, ஒவ்வொருவரிடமும் ஒரு வரிசை எண் கொடுத்து, ஒரு எண் வாங்கி எழுதிக்கொள்ள வேண்டும். கூடுதல் தொடர்பு, கூடுதல் மார்க். அன்றைக்கு மட்டும் பேண்டில் கூட்டம் சொல்லி மாளாது. நாற்பது மீட்டர் பேண்டு என்று ஓர் அலைவரிசைப் பகுதி உண்டு. அப்போது எங்களுக்கு விட்டிருந்த இடம் அதில் ரொம்பக் குறுகல். சாதாரண நாளில் நாலு பேர் நடக்கிற சந்து. கண்டெஸ்ட் அன்று அதற்குள் திருச்செந்தூர் சூரசம்ஹாரக் கூட்டம் வந்து நிற்கும்.

அதில் இரண்டு விதமாய் ஆடலாம். ஊர்ந்து ஊர்ந்து போய் மற்றவர்களைப் பிடிப்பது ஒன்று. ஓரிடத்தில் உட்கார்ந்துகொண்டு "யாரும் வரலாம்" என்று அழைப்பு விட, மற்றவர்கள் நம்மிடம் வருவது இன்னொன்று. இரண்டாவதுதான் லாபம். ஆனால் அதற்குச் சுத்தமான இடம் வேண்டும். இடம் பிடிப்பதற்கு மீரான் சார் வைத்திருந்த முறையை அப்படியே எழுதுகிறேன்.

டயலைத் திருகி, காலியாகத் தெரிகிற இடத்தில் நிறுத்துவார். நிறுத்தியதும் கையைச் சாவியை விட்டு எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். கண்ணை மூடிக் கேட்பார். நாம் "காலிதான் சார்" என்றாலும் அசைய மாட்டார். ஏனென்றால் பேசிக்கொண்டிருக்கிற இருவரில் ஒருவர்தான் நமக்குக் கேட்கும். அலை வானத்தில் மோதித் தள்ளிப்போய் விழுகிறதால், ஜப்பான்காரன் பக்கத்து வீட்டான் மாதிரிக் கேட்பான், மதுரைக்காரர் சுத்தமாகக் கேட்க மாட்டார். நமக்குக் கேட்காதவர் பேசிக்கொண்டிருந்தால் இடம் காலியாகத்தான் தோன்றும். அவர் பேசி முடித்து, நமக்குக் கேட்கிறவர் பதில் சொல்லத் தொடங்குகிற வரைக்கும் பொறுக்க வேண்டும். பிறகு "கியூ ஆர் எல்?" என்று தட்டுவார். இந்த இடத்தில் யாரும் இருக்கிறீர்களா என்று அர்த்தம். பொறுப்பார். மறுபடி ஒருமுறை தட்டுவார். மறுபடி பொறுப்பார். அதற்கப்புறம்தான் நம் அழைப்பு. இந்தப் பொறுமையால் நாங்கள் இழந்த இடங்கள் ஏராளம். சார் கேட்டுக்கொண்டிருக்கும்போதே எவனாவது ஒருவன் கேட்காமல் கொள்ளாமல் வந்து உட்கார்ந்துவிடுவான்.

அப்படி ஒவ்வொரு இடம் போகும்போதும் நெஞ்சில் அடித்துக்கொள்கிறவர் சேவியர் அண்ணன். துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர். அவர் அப்பா சங்கு குளிக்கிறவர். கிளப்பிலேயே வேகமான கை இவருக்குத்தான். இரண்டு வருஷமாக ஒரு பெரிய கண்டெஸ்டில் வடக்கே உள்ள ஒரு கிளப்பிடம் கொஞ்சத்தில் தோற்று, நாட்டிலேயே இரண்டாவதாக வந்துகொண்டிருந்தோம். "இந்த வருஷமும் ரெண்டாவதுன்னா, நான் சாவியைக் கடல்ல போட்டுட்டு அதுக்கு ஒரு மாலையும் போட்டுட்டு வந்துருவேன்" என்று சொல்லிவைத்திருந்தார்.

அந்த வருஷம் பங்குனி மாத வெயிலில் அந்தக் கண்டெஸ்ட் வந்தது. சனிக்கிழமை நன்றாக ஓடியது. ஞாயிறு காலை எனக்கு ஆராதனை. மனசில்லாமல் உட்கார்ந்திருந்த என்னைச் சார்தான் எழுப்பி, "ஏலே, மணியடிச்சாச்சு, கோயிலுக்குப் போயிட்டு வா. ரேடியோ எங்கயும் ஓடாது" என்று அனுப்பினார். திரும்பி வந்தபோது நாங்கள்தான் முன்னால் இருப்பதாகச் சேவியர் அண்ணன் கணக்குப் போட்டு வைத்திருந்தார். முக்கியமான நேரம் இனிமேல்தான். ஜப்பானில் இருட்டிவிட்ட நேரம், நமக்குச் சாயங்காலம், நாற்பது மீட்டர் பேண்டில் அந்தப் பக்கத்துக் கதவு திறக்கும். கணக்கில்லாமல் வருவார்கள். அதுவரை நல்ல இடம் பிடித்து வைத்திருக்க வேண்டும். முறைப்படி கேட்டு, பொறுத்து, மறுபடி கேட்டு, அருமையான ஓரிடத்தைப் பிடித்திருந்தோம்.

நாலு மணி தாண்டியதும் சார் அஸர் தொழுகைக்காக அறைக்கு அந்தப் பக்கம் பாயை விரித்தார். நான் சாவியில், சேவியர் அண்ணன் எழுதுகிறார். ஜப்பான்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து எங்களைக் கூப்பிடுகிறார்கள். அந்த இரைச்சலுக்கு அடியில் ஏதோ ஒன்று கீச்சு கீச்சென்று கேட்டது. ஒவ்வொரு புள்ளியும் சறுக்கிச் சறுக்கி, கோழிக்குஞ்சு கத்துகிற மாதிரி. உலகத்தில் அப்படிக் கத்துகிற செட்டு ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரியும்.

"அண்ணே, விளாத்திகுளத்து அண்ணாச்சி" என்றேன்.

ராமசாமி அண்ணாச்சி தபால் ஆபீசில் தந்தி மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தானே கட்டிய சின்ன செட்டு, விளாத்திகுளம் கிட்டத்தில் இருப்பதால் தரையோடு ஊர்ந்து மெல்லிசாக வந்து எங்களுக்குக் கேட்கும். அதில் டயல் கிடையாது. ஒரு கிரிஸ்டல் துண்டு மட்டும் செருகியிருப்பார். அந்தக் கிரிஸ்டல் எந்த இடத்தில் அதிருமோ அந்த ஒரு இடத்தில்தான் அவரால் பேச முடியும். நாங்கள் எல்லாரும் டயலைத் திருகி எங்கே வேண்டுமானாலும் போகலாம். அவரால் ஓரடி நகர முடியாது. அந்த ஒரே இடத்தின் மேல்தான் நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

அழைப்பை நிறுத்திக் கேட்டேன். அவர் மெதுவாக, பழைய தந்திக்காரர் கையில், சுருக்கமாய் அடித்தார். நாலரைக்கு மகன் வருவான், கப்பலில் இருந்து. தாய்க்குச் செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். நாளைக் காலை கப்பல் கொழும்பில். அங்கே இறங்கச் சொல்ல வேண்டும். விட்டால் ஊர் வர ஆறு மாதம். இடம் தரவும்.

அவர் மகன் கண்ணன் சரக்குக் கப்பலில் ரேடியோ ஆபீசர், அவனும் ஹாம். ஞாயிற்றுக்கிழமைதோறும் நாலரைக்கு அப்பாவும் மகனும் அந்த இடத்தில் சந்தித்துப் பேசுவது எங்களுக்கும் தெரிந்ததுதான். ஆபரேஷன் திடீரென்று முடிவானது. கம்பெனிக்குச் சனிக்கிழமை தந்தி கொடுத்திருக்கிறார், பதில் இல்லை, ஆபீஸ் பூட்டு. செல்போன் இல்லாத காலம். ஞாயிற்றுக்கிழமை தந்தி ஆபீசும் பூட்டு. அவருக்கு இருந்தது அந்த நாலரை மணி மட்டும்தான்.

சேவியர் அண்ணன் பென்சிலை வைத்துவிட்டார். "நாம முறையாத்தான கேட்டோம். ரெண்டு மட்டம் கேட்டோம். அப்போ எங்க போனாரு?"

"நாலரைக்குத்தான் வரப் போறோம்னு செட்டை ஆன் பண்ணாம இருந்திருப்பாரு அண்ணே."

"அதுக்கு? இவருக்கு இந்த இடத்தை எவன் பட்டா போட்டுக் குடுத்தான்? ஆகாசத்துல யாருக்கும் பட்டா கெடையாது, சார் சொன்னதுதான்."

அவர் கேட்டதும் நியாயம்தான். ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. அண்ணாச்சிக்கு ஒரு 'சரி' அடித்துவிட்டு டயலைக் கொஞ்சம் மேலே நகர்த்தினேன். அதுதான் மரியாதை என்று நினைத்தேன். நகர்த்திய கையை எடுக்கவில்லை, அதற்குள் எங்கள் பழைய இடத்தில் ஒரு ஜப்பான்காரன் வந்து "யாரும் வரலாம்" என்று இடிமாதிரி முழங்க ஆரம்பித்துவிட்டான். அவனுக்கு நாங்கள் போனது தெரிந்தது. விளாத்திகுளத்துக் கோழிக்குஞ்சு அங்கே இருப்பது தெரியவில்லை.

சார் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றார். நடந்ததைச் சொன்னேன். "ஞானராஜ்" என்றார், அவ்வளவுதான். நான் திரும்பிப் பார்த்தேன், என் தப்பு எனக்கே தெரிந்தது.

"சந்தையில பாயை விரிச்சு வச்சிட்டு, வயசானவர் வந்து உக்காரட்டும்னு நீ எந்திரிச்சு வந்தா, அவர் வந்து சேருத வரைக்கும் பாய் காலியா கெடக்குமா?" என்றார் சார். "இடத்தை விட்டுட்டு வர்றதால அவருக்கு இடம் கெடைக்காது. அங்கனயே இருந்து புடிச்சு வைக்கணும்."

"அப்போ நம்ம கண்டெஸ்ட்?" என்றார் சேவியர் அண்ணன்.

சார் கடிகாரத்தைப் பார்த்தார். சேவியர் அண்ணன் விடவில்லை.

"சார், நான் ஒண்ணு சொல்லுதேன். நம்ம செட்டு பெருசு. கண்ணன் வந்ததும் நாமளே அடிச்சு, அம்மைக்கு ஆபரேஷன், கொழும்புல எறங்குன்னு சொல்லிருவோம். அரை நிமிஷ வேலை. பெறவு ஜப்பானைப் பாப்போம்."

சார் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "அடுத்தவங்க சேதியை நாம கொண்டுபோகக் கூடாதுன்னு லைசென்ஸ்ல இருக்கு, அது ஒரு பக்கம் இருக்கட்டும். சேவியர், நடுக்கடல்ல உனக்கு அப்பா கையில வர வேண்டிய சேதி வேத்தாள் கையில வந்தா நீ என்ன நெனப்ப?"

சேவியர் அண்ணன் கீழே வைத்த பென்சிலை எடுத்துக் காதில் செருகினார். பிறகு, "அம்மை போயிட்டாங்கன்னு நெனப்பேன்" என்றார்.

"அதான்."

சேவியர் அண்ணன் தலையில் இருந்த ஹெட்போனைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார். "எந்திரி ஞானம். உன் கைக்கு இது வராது. எங்கப்பா தண்ணிக்குள்ள முங்கும்போது மேல தோணியில கயிறு புடிக்கிறது எங்க மாமாதான். கயிறு புடிக்கிறவன் வேற ஒரு சோலியும் பாக்கக் கூடாது. பாத்துக்கிட்டே நிக்கணும்." சொல்லிக்கொண்டே என் இடத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் எழுதுகிற பக்கம் போனேன்.

இப்போது ஜப்பான்காரனை எழுப்ப வேண்டும். அங்கேதான் சாரின் முறை. போ என்று அடித்தால் கண்டெஸ்டில் எவனும் போக மாட்டான். இரைச்சலில் காதிலேயே ஏறாது. "முதல்ல அவனுக்கு வேண்டியதைக் குடு" என்றார். சேவியர் அண்ணன் அவனைக் கூப்பிட்டு, முறைப்படி எங்கள் எண்ணைக் கொடுத்து அவன் எண்ணை வாங்கினார். மார்க் கிடைத்த சந்தோஷத்தில் அவன் நன்றி அடிக்கும்போதே, சார் சொல்லச் சொல்ல அடித்தார்: உங்கள் இடத்தில் ஒரு முதியவர், ஒரே கிரிஸ்டல், மகன் கப்பலில், தாய் நோயாளி, தயவுசெய்து. அவன் அழைப்பு நின்றது. பிறகு, மன்னிக்கவும், மன்னிக்கவும் என்று இரண்டு தடவை அடித்துவிட்டு அந்த மனிதர் போய்விட்டார். அவர் யாரோ, எங்கேயோ. கர்த்தர் அவர் குடும்பத்தை ஆசீர்வதிக்கட்டும்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போட்டோம். நாங்கள் அழைப்பு விடவில்லை. யாராவது வந்து "கியூ ஆர் எல்?" என்று கேட்டால், ஆம், ஆள் இருக்கிறார் என்று எங்கள் பெரிய செட்டில் பதில் சொல்வோம். கேட்காமல் வந்து உட்கார்ந்தவர்களுக்கு எண்ணைக் கொடுத்து, காரியத்தைச் சொல்லி அனுப்புவோம். அண்ணாச்சியோ மகனோ அடிக்கும்போது மூச்சு விட மாட்டோம். நடுவில் விடுகிற இடைவெளியில்தான் எல்லாம். ஒரு ரஷ்யாக்காரர் மட்டும் முரண்டு பிடித்தார். எண்ணையும் வாங்கிக்கொண்டு, நகரவும் இல்லை. "இவன் கிரேன் அடியில வந்து நின்னான்னா தெரியும்" என்று முணுமுணுத்துக்கொண்டே சேவியர் அண்ணன் மூன்றாவது தடவையும் பொறுமையாகக் கேட்டார். அதற்கப்புறம் போனார்.

நாலரைக்குக் கண்ணன் வந்தான். கப்பல் செட்டு, தெளிவான கை. கோழிக்குஞ்சு பதில் சொன்னது. அடுத்தவர் வீட்டுப் பேச்சைக் கேட்கிறோமே என்று கூச்சமாக இருந்தது. கேட்காவிட்டால் காவல் காக்கவும் முடியாது. நான் மனசுக்குள் ஜெபித்துக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

அண்ணாச்சி சொல்ல வேண்டியதைச் சொன்னார். தாய்க்குச் செவ்வாய் ஆபரேஷன், பாளையங்கோட்டையில். கொழும்பில் இறங்கி வா.

கண்ணனிடமிருந்து வெகு நேரம் ஒன்றும் இல்லை. அந்த இடைவெளியில் ஒருவன் வந்து கேட்டான், சேவியர் அண்ணன் அனுப்பி வைத்தார். பிறகு கண்ணன் அடித்தான். அம்மா இருக்கிறார்களா. உண்மையைச் சொல்லுங்கள்.

அப்பா கையில் வந்தும் பிள்ளை அதைத்தான் நினைத்தான்.

அண்ணாச்சி, இருக்கிறாள், பக்கத்தில்தான் இருக்கிறாள் என்றார். கண்ணன் மறுபடியும், உண்மையைச் சொல்லுங்கள் என்றான். அண்ணாச்சி மறுபடியும் அதையே சொன்னார். எத்தனை தடவை சொன்னாலும் அந்தப் பையன் எப்படி நம்புவான்? தூரத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு முதலில் அப்படித்தானே சொல்வார்கள், நாமும் அப்படித்தானே சொல்லியிருக்கிறோம்.

அப்போது ஸ்பீக்கரில் ஒன்று கேட்டது. கோழிக்குஞ்சுதான், ஆனால் எழுத்து இல்லை. ஒரு புள்ளி. நிறுத்தம். இரண்டு புள்ளி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. ஒரு நீளமான கோடு, விட மறந்த மாதிரி. மறுபடி புள்ளிகள்.

சேவியர் அண்ணன் மெதுவாக, "சார், இது அண்ணாச்சி கை இல்ல" என்றார்.

நான் சாரைப் பார்த்தேன். லைசென்ஸ் இல்லாத விரல். பெரிய அதிகாரிக்கே வயரைப் பிடுங்கியவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஓய்கிற வரைக்கும் பார்த்தார்.

"இரைச்சல்" என்றார். "மழைக்காலம்லா, மின்னல் விழுது."

வெளியே பங்குனி வெயில் கண்ணைக் குத்தியது. நாங்கள் இருவரும், ஆமா சார் என்றோம்.

கப்பலிலிருந்து பதில் வந்தது. முழுவதும் கிடைத்தது. முழுவதும் கிடைத்தது. முழுவதும் கிடைத்தது. மூன்று தடவை. அதன் பிறகு, கேப்டனிடம் சொல்லிவிட்டு வருகிறேன், கொழும்பில் இறங்கிவிடுகிறேன், அம்மாவிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அது அம்மாவின் கைதான் என்று கண்ணனுக்கு எப்படித் தெரிந்தது என்று பிற்பாடு அவனிடமே ஒருமுறை கேட்டேன். "தந்தி மாஸ்டர் வீட்ல அவ்வளவு மோசமா அடிக்கிறதுக்கு எங்கம்மாவை விட்டா யார் மாமா இருக்கா?" என்றான்.

அவர்கள் பேசி முடித்தபோது ஜப்பான் கதவு பாதி சாத்தியிருந்தது. அன்றிரவு முழுக்க ஓடியும் ஈடுகட்ட முடியவில்லை. முடிவு வந்தபோது மூன்றாவது இடம். சேவியர் அண்ணன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் பஸ் ஏறி விளாத்திகுளம் போய், தன் பெட்டியில் வைத்திருந்த வேறொரு கிரிஸ்டலை அண்ணாச்சி கையில் கொடுத்து, "அண்ணாச்சி, அடுத்த கண்டெஸ்டுக்கு இதைச் செருகிக்கிடுங்க. உங்களுக்குக் காவல் காத்தே நான் கெழவனாயிருவேன்" என்று சொல்லிவிட்டு, அங்கே இன்னும் படுக்கையில் இருந்த அண்ணாச்சி வீட்டு அக்கா கையால் சாப்பிட முடியாத குறைக்கு அண்ணாச்சி போட்ட உப்பில்லாத காப்பியைக் குடித்துவிட்டு வந்தார். காப்பிக்கு ஏது உப்பு என்று நான் கேட்டதற்கு, "அவரு சீனிக்குப் பதிலா அதைத்தான் தேடிக்கிட்டு இருந்தாரு, நல்லவேளை கெடைக்கல" என்றார்.

கண்ணன் கொழும்பிலிருந்து விமானத்தில் திருச்சி வந்து, பஸ் பிடித்து, அம்மாவுக்கு மயக்கம் தெளிகிற நேரத்துக்குப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து சேர்ந்தான். அந்த அக்கா அதற்கப்புறமும் பல வருஷம் இருந்தார்கள். அண்ணாச்சிதான் முந்திக்கொண்டார். பிறகு அக்கா. போன வருஷம் மீரான் சாரும். காயல்பட்டினத்தில் அடக்கத்துக்குப் போயிருந்தேன். கூட்டம் அந்தச் சின்னத் தெருவில் நிற்க இடமில்லாமல், முன்னால் வந்தவர்கள் பின்னால் வந்தவர்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

தம்பிகளே, இப்போது உங்கள் கம்ப்யூட்டர் திரையில் பேண்டு முழுக்க ஒரே பார்வையில் தெரிகிறது. எங்கே இடைவெளி என்று கண்ணாலேயே பார்த்துக் குதித்துவிடலாம். நல்லதுதான். நான் குறை சொல்லவில்லை, எனக்கே பேரன் அதைப் போட்டுக் கொடுத்திருக்கிறான். ஆனால் திரையில் தெரிகிற அளவுக்குக்கூடச் சத்தம் இல்லாத ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். கேளுங்கள், பொறுங்கள், மறுபடி கேளுங்கள். நகர முடிந்தவர் நீங்கள் என்றால், நகர்வதோடு வேலை முடிந்ததா என்றும் ஒரு நிமிஷம் பாருங்கள்.

கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கதை எங்கள் கிளப்பில் ஏற்கெனவே வாய்வழியாய்ச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒருவர் சொல்லும்போது அன்றைக்குப் புயல். இன்னொருவர் சொல்லும்போது கப்பலில் தீ. போன கூட்டத்தில் ஒருவர் மீரான் சார் இருபது மாலுமிகளைக் காப்பாற்றினார் என்று மேடையில் பேசினார். நான் எழுந்து மறுக்க வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன். நீங்கள் இதை யாரிடம் சொன்னாலும் எழுதியபடியே சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். புயல் அடிக்கவில்லை. கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாங்கள் யாரையும் காப்பாற்றவில்லை. எழுத்துத் தெரியாத ஒரு தாய் தன் மகனுக்கு நாலைந்து புள்ளி வைத்தாள். அது போய்ச் சேருகிற வரைக்கும் நாங்கள் மூன்று பேர் அந்த இடத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.